போட்டுப் பார்த்த ஊசி

சலவைக்கூடத்தில் அவளுக்குப் பெயர் கஞ்சி அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் துணிகளில், மேசை விரிப்புகளுக்கும் சட்டைக் காலர்களுக்கும் கஞ்சி போடுவது அவள் பொறுப்பு. விறைப்பு கொஞ்சம் குறைந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டாள், திரும்ப முக்கு என்பாள். "நம்ம வீட்டுக்கா போகப் போகுது, விடுங்கக்கா" என்று யாராவது வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டால் சாயங்காலம் வரைக்கும் அவர்களுக்கு விடுதலை கிடையாது. ஆளும் அப்படித்தான். நிமிர்ந்த முதுகு, வெடுக்கென்ற பேச்சு. ஆனால் யாராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டால் போதும், நனைந்த துணியாகத் துவண்டு போவாள்.

அவளுடைய நாத்தனாரும் அங்கேதான் வேலை பார்த்தாள். குள்ளமாக, துறுதுறுவென்று இருப்பாள் என்பதால் அண்ணி அவளுக்குக் குருவி என்று பெயர் வைத்தாள், அதுவே நிலைத்துவிட்டது. கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் குருவி ஒரு பையோடு திரும்பி வந்த அன்று, பஸ் டிரைவரான அவளுடைய அண்ணன் வாசலிலேயே நிறுத்தி வைத்து என்ன ஆச்சு, ஏது ஆச்சு என்று விசாரணை நடத்திக்கொண்டிருந்தான். அண்ணி உள்ளேயிருந்து வந்து பையைப் பிடுங்கிக்கொண்டாள். "முதல்ல அவ சாப்பிடட்டும். உங்க கேள்வியெல்லாம் எங்கேயும் ஓடிப் போயிடாது" என்று ஒரே போடாகப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்விகளை அந்த வீட்டில் யாரும் கேட்கவே இல்லை. அடுத்த வாரமே குருவியைச் சலவைக்கூடத்துக்குக் கூட்டிப் போய்த் தனக்கு எதிரில் நிறுத்திக்கொண்டாள்.

எதிரில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கட்டில் விரிப்புகளை மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, நீளவாட்டில் மடித்து, பிறகு ஒருத்தி மற்றவளை நோக்கி நடந்து வந்து தன் முனைகளை அவள் கையில் சேர்க்க வேண்டும். துவைக்கும் இயந்திரங்களின் இரைச்சலில் தள்ளி நின்று பேசினால் ஒன்றும் காதில் விழாது. முனையும் முனையும் சேரும்போதுதான் முகமும் முகமும் பக்கத்தில் வரும், அப்போதுதான் பேச்சு. ஒரு விரிப்புக்கு ஒரு வாக்கியம். ஒரு வம்புக் கதையைச் சொல்லி முடிக்க ஒரு விடுதியின் துணி முழுக்கத் தேவைப்படும். சுவாரசியமான இடத்தில் விரிப்பு தீர்ந்துபோனால் தலையணை உறையைக்கூட இரண்டு பேராக மடிப்பார்கள். மேஸ்திரி முறைத்தால், சுருக்கம் எடுக்கிறோம் என்பார்கள்.

கட்டி விஷயமும் அப்படித்தான் வந்தது.

"குருவி, எனக்கு ஒரு கட்டி இருக்கு."

அடுத்த விரிப்பு. உதறல், மடிப்பு, நடை.

"எங்க அண்ணி?"

"மார்லதான். இடது பக்கம்."

அதற்கடுத்த விரிப்பு குருவியின் கையிலிருந்து நழுவி ஈரத்தரையில் விழுந்தது. அண்ணி அதற்கும் திட்டினாள்.

அண்ணியின் சொந்த அக்காவுக்கும் இதே வியாதி வந்து, மார்பை எடுத்து, வருஷம் திரும்புவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். கத்தி வைத்ததால்தான் போனாள் என்று அந்தக் குடும்பத்தில் எல்லாரும் தீர்மானமாக இருந்தார்கள். முற்றிப் புண்ணான பிறகுதான் ஆஸ்பத்திரிக்கே போனாள் என்பதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அண்ணிக்கு வியாதியைவிடக் கத்தியைக் கண்டுதான் நடுக்கம். "செத்தாலும் சாவேனே தவிர அறுக்க விடமாட்டேன்" என்பாள். குருவி நச்சரித்து, அழுது, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்து, கடைசியில் கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருவளையம், கை மட்டும் இதமாக இருந்ததாக அண்ணி பிறகு சொன்னாள். அமுக்கிப் பார்த்தார், அக்குளில் தடவிப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொல்லி அதையும் பார்த்தார். அண்ணி பொறுமையாகத்தான் இருந்தாள். எல்லாம் முடிந்து சட்டைப் பொத்தானைப் போடும்போது, தொண்டையில் சிக்கிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"அறுக்கணுமா டாக்டர்?"

"அதுக்குள்ள ஏம்மா அறுக்கறதைப் பத்திப் பேசுறீங்க? முதல்ல ஊசி போட்டுப் பாப்போம். அப்புறம் என்ன செய்யலாம்னு முடிவு பண்ணிக்கலாம்."

இதில் பொய் ஏதும் இல்லை. அந்த டாக்டர் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் இதே வாக்கியத்தைச் சொல்வாரோ. ஊசியை விட்டு, உள்ளே இருப்பது என்னவென்று பார்ப்போம் என்றுதான் அவர் சொன்னார். ஊசி போட்டுப் பார்ப்போம், குணமானால் சரி, ஆகாவிட்டால் வேறு வழி பார்ப்போம் என்று அண்ணி எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற குருவியும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். ஏன் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்? கஷாயம் குடித்துப் பார்க்கிறோம், தைலம் தடவிப் பார்க்கிறோம், மாத்திரை போட்டுப் பார்க்கிறோம். இதிலெல்லாம் யார் எதைக் கண்ணால் பார்த்தார்கள்? 'பயாப்ஸி' என்ற சொல்லும் அந்த அறையில் இரண்டு தடவை காதில் விழுந்தது. அது மருந்தின் பெயர் என்று இருவரும் நினைத்தார்கள். பாழாய்ப்போன பேச்சு, ஒரு உயிரைக் கொண்டு போவதற்கு இது போதுமானதாக இருந்தது.

ஊசி போடும் நாளில் குருவி வெளியே பெஞ்சில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி சட்டைக்கு மேலே துண்டில் சுற்றிய ஐஸ் பையை அமுக்கிக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு, பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவள் தோற்றுப்போக வேண்டும்.

"இவ்வளவுதானா! இதுக்கா நான் இத்தனை நாள் தூங்காம கிடந்தேன்?"

பஸ்ஸில் வரும்போது முழுக்கச் சொன்னாள். "முதல்ல எறும்பு கடிச்ச மாதிரி ஒரு சின்ன ஊசி. மருந்து உள்ள இறங்குறது சுருசுருன்னு தெரிஞ்சுது. கொஞ்ச நேரத்துல அந்த இடமே மரத்துப் போச்சு. அப்புறம்தான் பெரிய ஊசி. அதை நான் பாக்கவே இல்ல, அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன். டக்குன்னு ஒரு சத்தம், காகிதத்துக்கு ஸ்டேப்ளர் பின் அடிப்பாங்களே, அது மாதிரி. சத்தம் வரும், அசையாதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க, இல்லன்னா எழுந்து ஓடியிருப்பேன். நாலஞ்சு தடவை அப்படி. வலியே இல்லடி, யாரோ அழுத்துற மாதிரி, அவ்வளவுதான். முடிஞ்சதும் ஒரு சிஸ்டர் ரொம்ப நேரம் அமுக்கிப் பிடிச்சுக்கிட்டா. தையல்கூட கிடையாது, ஒரு பிளாஸ்திரி."

"மருந்து ரொம்ப உசத்தியோ அண்ணி?"

"பின்ன? ஒரே ஊசியை நாலஞ்சு தடவையா போட்டிருக்காங்கன்னா பாத்துக்கோ."

அந்த சிஸ்டர் எல்லாவற்றையும் சரியாகத்தான் சொல்லி அனுப்பியிருந்தாள். ஐஸ் வையுங்கள், இரண்டு நாள் கனம் தூக்காதீர்கள், இடம் கன்றிப்போகும் பயப்படாதீர்கள், ரத்தம் நிற்காமல் வந்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வாருங்கள், அடுத்த வாரம் வந்து டாக்டரைப் பாருங்கள். எதற்காக அடுத்த வாரம் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லாமலே தெரியும் என்று நினைத்திருப்பாள். பிளாஸ்திரியைப் பிரிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று அண்ணி நினைத்தாள். அதை அவளே குளிக்கும்போது பிரித்துப் போட்டுவிட்டாள்.

குத்தின இடம் முதலில் வீங்கி, கருநீலமாகக் கன்றிப்போயிற்று. மருந்து உள்ளே சண்டை போடுகிறது என்றாள் அண்ணி. பிறகு நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, வீக்கம் ஒவ்வொரு நாளும் வற்றிக்கொண்டே வந்தது. விரலால் தொட்டுப் பார்க்கப் பார்க்க, உருண்டை சிறுத்துக்கொண்டே போவது நன்றாகத் தெரிந்தது. உண்மையில் கரைந்தது ஊசி குத்தினதில் உள்ளே கட்டி நின்ற ரத்தம். கட்டிக்கு ஒரு கேடும் வரவில்லை, அது பாட்டுக்கு இருந்த இடத்தில் இருந்தது. இதை அவளுக்கு யார் சொல்வது?

"கேட்டுடுச்சு குருவி!" ஒரு விரிப்பின் முனையில் அண்ணி சொன்னாள்.

அடுத்த விரிப்பில் அதையே திரும்பவும் சொன்னாள். "மருந்து கேட்டுடுச்சுடி!" அன்றைக்கு மேசை விரிப்புகளுக்குக் கஞ்சி தூக்கலாக விழுந்து, மேஸ்திரி வந்து இதையெல்லாம் பலகையாகவா அனுப்பப் போகிறாய் என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில். அண்ணனுடைய எண்ணைத்தான் கொடுத்திருந்தார்கள். இடது கையால் போனை எடுத்துக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

"ரிசல்ட்டா? ரிசல்ட்தான் எங்களுக்கே நல்லா தெரியுதேம்மா! பாதிக்கு மேல கரைஞ்சு போச்சு." கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேசுவதைக் கேட்டான். "டாக்டரைக் கண்டிப்பா பாக்கணும்னா எதுக்கு? இன்னொண்ணு போடவா? வேண்டாம்மா, இதுலயே சரியாப் போச்சு. தேவைப்பட்டா நாங்களே வர்றோம். ரொம்ப நன்றின்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க."

அந்தப் பெண் போனில் விஷயத்தைச் சொல்லக் கூடாதாம், அவர்கள் வழக்கம் அப்படி. நேரில் வாருங்கள் என்று மட்டும் சொல்லலாமாம். மறுபடியும் இரண்டொரு தடவை கூப்பிட்டார்கள். அண்ணன் எடுக்கவில்லை. "இப்பெல்லாம் ஊசியைக்கூட போன் பண்ணி விக்கிறாங்க போல" என்று குருவிதான் சொன்னாள். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணிக்குப் புரையேறி, அண்ணன் தலையில் தட்டினான்.

அதன் பிறகு அண்ணி அந்த ஊசியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். சலவைக்கூடத்தில் யாருக்காவது கழுத்தில் ஒரு கொப்புளம் வந்தால்கூட, பயாப்ஸி போட்டுக்கோ என்பாள். கத்தியில்லை, ரத்தமில்லை, கட்டி போன இடம் தெரியாது என்பாள். அக்காவை நினைத்து அழுவாள். "எங்க அக்கா காலத்துல இந்த ஊசி இருந்திருந்தா இன்னைக்கு அவ உயிரோட இருந்திருப்பா." கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று உச்சுக் கொட்டினார்கள்.

குளிர் மாதங்கள் போய் வெயில் வந்தது. அண்ணி விரிப்பை உதறும்போது இடது கை முன்பு போல உயரவில்லை என்பதை எதிரில் நின்ற குருவிதான் முதலில் கவனித்தாள். கேட்டால், "வேர் கொஞ்சம் மிச்சம் இருக்கும்ல, மெதுவாத்தான் போகும்" என்றாள். அக்குளில் ஏதோ நெருடுகிறது என்று ஒரு நாள் சொன்னாள். அடுத்த விரிப்பிலேயே, அது கனம் தூக்கினதால் வந்த நெறிகட்டு என்று அவளே தீர்ப்பும் சொல்லிவிட்டாள். முதுகு வலிக்கிறது என்று தைலம் தேய்க்கச் சொன்னாள். குருவி தேய்த்துவிட்டாள்.

குருவிக்கு வேறு ஒரு கவலை இருந்தது. அவளுக்கும் வலது பக்கம் ஒரு உருண்டை, தொட்டால் நழுவி ஓடும். எவ்வளவு நாளாக இருந்ததோ, பயத்தில் வாயைத் திறக்காமல் இருந்தாள். அண்ணியின் கண்ணுக்கு அது தப்பவில்லை. குருவியின் கை அடிக்கடி எங்கே போகிறது என்று பார்த்துவிட்டாள்.

"உனக்கும் இருக்கா?" விரிப்பின் முனையைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

குருவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடி பைத்தியமே! என்னைப் பாத்துமா பயப்படுற? ஒரே ஒரு ஊசி. நாளைக்கே போயி பயாப்ஸி வேணும்னு கேட்டுப் போட்டுக்கோ. நான் சொல்றேன்ல."

அண்ணி சொன்னாள் என்பதற்காகத்தான் குருவி போனாள். இல்லையென்றால் போயிருக்கவே மாட்டாள்.

அண்ணி படுத்திருந்த அதே மேசை, அதே மங்கலான அறை. இந்தத் தடவை இருந்தது வயசான ஒரு சிஸ்டர், வாய் ஓயாமல் பேசுகிறவள். ரத்தம் உறையாமல் இருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாயா என்று கேட்டாள், எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டாள். முதல் ஊசி சுருசுருவென்று இறங்கியது. அண்ணி சொன்னதெல்லாம் அப்படியே நடந்துகொண்டிருந்ததால் குருவிக்குத் தைரியம் வந்தது.

"சிஸ்டர், இது எத்தனை நாள்ல கரையும்?"

"எது?"

"கட்டிதான்."

சிஸ்டர் சிரித்துவிட்டாள். "கட்டி எங்கம்மா கரையும்? குத்தின இடத்துல கன்னிப்போற ரத்தம்தான் கரையும். இப்போ போட்டது மரத்துப் போறதுக்கு. இனிமே வரப் போறது போடுற ஊசியே இல்ல, எடுக்குற ஊசி. நூல் மாதிரி கொஞ்சூண்டு சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்புவோம். நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு அவங்க பாத்துச் சொன்னப்புறம்தான் வைத்தியமே ஆரம்பிக்கும். முகத்தை ஏன் இப்படி வச்சுக்கிற? முக்கால்வாசிப் பேருக்கு ஒண்ணும் இருக்காது. ஆனா ரிசல்ட் வாங்க வந்துடணும், அதுதான் முக்கியம். இப்போ சத்தம் வரும், அசையாதே."

டக்கென்றது. குருவி அசையவில்லை. பக்கத்தில் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில், நிறமில்லாத திரவத்தில், வெள்ளை இழை ஒன்று மெல்ல இறங்கி அடியில் போய்ப் படிந்தது. இன்னொரு டக். இன்னொரு இழை. குருவியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று.

"வலிக்குதாம்மா? இன்னும் கொஞ்சம் மருந்து போடச் சொல்லவா?"

"வலிக்கல சிஸ்டர்."

"அப்புறம் ஏன் அழற?"

"எங்க அண்ணிக்கும் எடுத்தீங்க. போன வருஷம். நாங்க போட்டீங்கன்னு நினைச்சுட்டோம். அவங்க திரும்பி வரவே இல்ல."

அமுக்கிப் பிடித்திருந்த சிஸ்டரின் கை அப்படியே நின்றது.

அன்று இரவு குருவி அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை, ஊசி போட்ட அசதி என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டாள். எப்படிச் சொல்வது? வீட்டில், சமையலறையில், முகத்துக்கு நேரே அந்த விஷயத்தை முழுசாகச் சொல்ல அவளால் முடியவில்லை. மறுநாள் வேலைக்குக் கிளம்பினாள். கனம் தூக்கக் கூடாதென்று அண்ணி தடுத்தும் கேட்காமல், விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரில் போய் நின்றாள்.

"அண்ணி, அது மருந்து இல்ல."

அண்ணிக்குப் புரியவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்ததை உதறினாள்.

"நமக்கு எதுவும் போடல. நம்மகிட்டயிருந்து சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பியிருக்காங்க."

அடுத்த விரிப்பு வந்தது. அண்ணி மெதுவாக நடந்து வந்தாள். "அப்போ கரைஞ்சது?"

குருவியின் பதில் அடுத்த விரிப்பில்தான் வந்தது. "அது ரத்தம் அண்ணி. கன்னிப்போன ரத்தம். உங்க ரிசல்ட் அங்கேயே கிடக்குது."

அண்ணி கையிலிருந்ததைச் சரியாக மடித்தாள், அடுக்கின் மேல் வைத்தாள், உள்ளங்கையால் அழுத்தி நீவினாள். போகலாம் வாங்க என்று குருவி கையைப் பிடித்து இழுத்தாள். "இந்த மூட்டை முடியட்டும்" என்றாள் அண்ணி. மிச்சமிருந்த விரிப்புகள் எல்லாவற்றையும் மடித்தார்கள். முனைகள் ஒவ்வொரு தடவையும் சேர்ந்தன, ஒரு வார்த்தையும் வரவில்லை.

கெட்ட கட்டிதான். எடுத்த அந்த வாரமே ரிசல்ட் வந்து காத்திருந்திருக்கிறது. அப்போது அது இருந்த இடத்தைத் தாண்டியிருக்கவில்லை. இப்போது எடுத்த ஸ்கேன்களில் முதுகெலும்பிலும் ஈரலிலும் இருந்தது.

"அன்னைக்கு நீங்க குத்தாம விட்டிருந்தா இது பரவியே இருக்காது!" அண்ணன் டாக்டரின் மேசையைத் தட்டிக் கத்தினான். ஊசி குத்தினால் பரவும் என்று யாரோ அவன் காதில் ஓதியிருந்தார்கள்.

"குத்தினதால பரவலைங்க. குத்தினதுக்கு அப்புறம் நீங்க வராததால பரவிடுச்சு" என்றார் டாக்டர். குரல் உயரவில்லை. பிறகு அண்ணியைப் பார்த்து, "ஏம்மா வரல? எத்தனை தடவை கூப்பிட்டோம்" என்று கேட்டார்.

"நீங்கதானே டாக்டர் சொன்னீங்க, ஊசி போட்டுப் பாப்போம்னு." அண்ணி சண்டைக்குப் பேசவில்லை, நடந்ததைச் சொன்னாள். "போட்டீங்க. நானும் பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், திரும்பவும் கழற்றினார். யாரைத் திட்டுவது? திட்டுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால் குருவிக்கு அன்றைக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். போனை எடுத்தவன் தன் அண்ணன். சிரித்தவள் அவளே.

அப்போதுதான் அண்ணி அதைக் கேட்டாள். கத்தி என்றாலே நடுங்குகிறவள், மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அறுத்துடுங்க டாக்டர். ரெண்டு பக்கமும் வேணும்னாலும் எடுத்துக்கோங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"இப்போ அறுத்துப் பிரயோஜனம் இல்லம்மா" என்றார் டாக்டர்.

குருவி தன்னுடைய ரிசல்ட்டை வாங்கப் போனபோது, உள்ளே வேறு ஒரு பெண்ணிடம் அந்த டாக்டர் பேசுவது திரைக்கு வெளியே கேட்டது. "இது வைத்தியம் இல்லம்மா, டெஸ்ட். ஊசியால கொஞ்சம் சதை எடுத்து அனுப்புவோம். கட்டி கரையாது. ரிசல்ட் வாங்க நீங்க வந்தே ஆகணும். நான் என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க பாப்போம்." அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். குருவி வாயில் துணியை வைத்து அடைத்துக்கொண்டு அழுதாள்.

அவளுக்கு ஒன்றுமில்லை. சாதாரணக் கட்டி, ஆபத்தில்லாதது, அப்போதைக்கப்போது வந்து காட்டினால் போதுமாம். இந்த நல்ல செய்தியை எந்த முகத்தோடு வீட்டுக்குக் கொண்டு போவது என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணி கட்டிலில் சாய்ந்தபடி கேட்டாள்.

"உன்னோடது என்னவாம்?"

"ஒண்ணும் இல்லையாம் அண்ணி."

அண்ணியின் முகம் மலர்ந்தது. அது பொய்ச் சிரிப்பாக இருந்திருந்தால் குருவி எப்படியாவது தாங்கிக்கொண்டிருப்பாள். "பாத்தியா! நான் சொன்னேன்ல, பயாப்ஸி நல்ல ஊசின்னு."

அதன் பிறகு ஆஸ்பத்திரிதான். இப்போது நிஜமாகவே மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போயிற்று, நிமிர்ந்த முதுகு வளைந்தது. ஒவ்வொரு தடவை சிஸ்டர் ஊசியோடு வரும்போதும் அண்ணி கேட்பாள், "இது போடுறதா, எடுக்குறதா?" ரத்தம் எடுக்க வந்தால், "எடுக்குறதும்மா" என்பார்கள். மருந்தாக இருந்தால், "போடுறதும்மா" என்பார்கள். அடுத்தடுத்த கட்டில்களில் இருந்தவர்களும் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வார்டில் எல்லாரும் சிரித்தார்கள் என்றால் அதற்கு மட்டும்தான். மருந்து கேட்கவில்லை. மாற்றி வேறு மருந்து ஏற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை. ஒரு நாள் டாக்டர் வந்து கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மருந்து ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

ஒரு மத்தியானம் குருவி அண்ணியின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். தனியாக மடிக்க வரவில்லை, ஒரு பக்கம் தரையில் புரண்டது. அண்ணி படுத்தபடியே கையை நீட்டி இரண்டு முனைகளைக் கேட்டாள். உதற அவளுக்குத் தெம்பில்லை, பிடித்துக்கொள்ள மட்டும் முடிந்தது. குருவி தன் முனைகளோடு கட்டிலருகே நடந்து வந்து அவள் கையில் சேர்த்தாள்.

"மேசை விரிப்பெல்லாம் இப்போ யாரு பாக்குறா?" அண்ணி கேட்டாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"புதுசா ஒருத்தி வந்திருக்கா அண்ணி. கஞ்சி பத்தல. துணியெல்லாம் தொளதொளன்னு போகுது."

"திரும்ப முக்கச் சொல்லு" என்று சொல்லி முடிப்பதற்குள் வலி வந்துவிட்டது. அண்ணியின் விரல்கள் போர்வையைக் கசக்கிப் பிடித்தன. குருவி கூப்பிட, இளம் வயசு சிஸ்டர் ஒருத்தி ஊசியோடு ஓடி வந்தாள். வார்டுக்குப் புதியவள், அந்தக் கேள்வி அவளுக்குத் தெரியாது. ஆனாலும் அண்ணி கேட்டாள், பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"இது போடுறதா, எடுக்குறதா?"

சிஸ்டர் விழித்தாள். "போடுறதுதாம்மா."

"கேக்குமா?"

அந்தப் பெண் குருவியைப் பார்த்தாள். குருவி போர்வையின் முனையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வலிக்குக் கேக்கும்மா" என்றாள் சிஸ்டர்.

அண்ணி போர்வையை விட்டுவிட்டுக் கையை அவளிடம் நீட்டினாள். "சரி, போட்டுப் பாரும்மா."